மேலே கேஸ், கீழே கரண்ட்: குக்கிங் ரேஞ்சைப் பாதுகாப்பாக இணைப்பது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையில் புது வீடு. சமையலறைக்கு 90 செ.மீ. அகலத்தில் ஒரு குக்கிங் ரேஞ்ச் வாங்கியிருக்கிறீர்கள். மேலே ஐந்து கேஸ் பர்னர், கீழே கரண்டில் ஓடும் ஓவன். எலக்ட்ரீஷியன், மிக்சிக்குப் போட்ட பவர் பிளக்கிலேயே சொருகிக்கொள்ளலாம் என்கிறார். கேஸ் மாட்ட வந்தவர், ஆரஞ்சு டியூபை ரேஞ்சுக்குப் பின்னால் விட்டு இழுத்துத் தருகிறேன் என்கிறார். இரண்டும் சரியா, வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் சரியில்லை. இருவருமே கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தனித்தனியாகப் பார்த்தால் தங்கள் தொழிலில் தெரியாதவர்களும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கரண்ட்காரர் கரண்டை மட்டும் பார்க்கிறார், கேஸ்காரர் கேஸை மட்டும் பார்க்கிறார். ஆனால் இந்த ரேஞ்சில் இரண்டும் ஒரே இரும்பு உடம்புக்குள் வந்து சேர்கின்றன. ஓவனின் சூடு கேஸ் டியூபைப் பாதிக்கும். கேஸ் கசிந்தால் பிளக்கில் வரும் சின்னப் பொறி போதும். எர்த் இல்லாவிட்டால் கசியும் கரண்ட் கேஸ் குழாய் வழியாகவே தரைக்குப் போகப் பார்க்கும். இந்த நடுப்பகுதியை யாரும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் முதல் வேண்டுகோள்: இருவரையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வரவழையுங்கள். பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள்.

அவர்கள் வருவதற்கு முன் ரேஞ்சின் பின்பக்கத்திலோ ஓவன் கதவின் ஓரத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். சுவரோடு தள்ளி வைத்த பிறகு அதைப் பார்க்க முடியாமல் போகலாம். அதில் மூன்று விஷயங்கள் தேவை. ஒன்று, ஓவனின் மொத்த வாட்ஸ். இரண்டு, வோல்டேஜ், நம் வீட்டுக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மூன்று, எந்த கேஸுக்கு, எந்த அழுத்தத்துக்கு அமைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்பது. இறக்குமதி ரேஞ்சுகளில் ஜி30 என்று இருந்தால் சிலிண்டர் கேஸ், ஜி20 என்று இருந்தால் குழாயில் வரும் இயற்கை எரிவாயு. நம் ஊர் வீட்டுச் சிலிண்டர் ரெகுலேட்டர் ஏறக்குறைய 30 மில்லிபார் அழுத்தத்தில் கேஸைத் தருகிறது. தகட்டில் 'ஜி30, 28–30 மில்லிபார்' என்றிருந்தால் பொருத்தம் சரி. ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற சந்தைகளுக்கு 50 மில்லிபாருக்கு அமைத்தவையும் உண்டு. அப்படி இருந்தால் ஜெட்டுகளை, அதாவது பர்னருக்குக் கேஸை அளந்து விடும் சின்னத் துளைகொண்ட திருகுகளை, மாற்றாமல் பற்றவைக்கக் கூடாது.

இனி கரண்ட் பக்கம்.

முழுக்க கேஸில் ஓடும் ரேஞ்சுக்குக் கரண்ட் என்பது பர்னரைப் பற்றவைக்கும் பொறிக்கும் உள்ளே எரியும் விளக்குக்கும்தான். அதற்குச் சின்ன பிளக்கே போதும். உங்களுடையது அப்படியல்ல. இந்த அளவு ஓவன்கள் பொதுவாக 2,500 முதல் 3,500 வாட்ஸ் வரை இழுக்கும். 3,000 வாட்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது 13 ஆம்பியர். மிக்சி இரண்டு நிமிடம் ஓடி நிற்கும். ஓவன் கேக்குக்கோ பிரியாணி தம்முக்கோ ஒரு மணி நேரம் ஓடும். அதே லைனில் மைக்ரோவேவும் கெட்டிலும் சேர்ந்தால் கம்பி சூடாகும், பிளக்கின் பின் கருகும். கருகிய பிளக்கைப் பல வீடுகளில் பார்க்கிறோம். பக்கத்தில் கேஸ் வால்வ் இருக்கும் இடத்தில் அது நடக்க விடவே கூடாது.

ஆகவே மெயின் போர்டிலிருந்து ரேஞ்சுக்கென்றே தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். 4 சதுர மி.மீ. செப்புக் கம்பி, 20 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானே விழும் சுவிட்ச்). தூரம் குறைவென்றால் 2.5 சதுர மி.மீ. கம்பி தாங்கும்தான். ஆனால் புது வீட்டில் இந்த வித்தியாசத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்பது என் எண்ணம். முடிவில் சாதாரண பவர் பிளக்குக்குப் பதில் ஏ.சி.க்குப் போடுவோமே, அந்த இரும்புப் பெட்டி பிளக் வையுங்கள். அல்லது ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் துண்டிக்கும் டி.பி. சுவிட்ச் வைத்து, அங்கிருந்து ரேஞ்சின் கனெக்டருக்கு நேரடியாகக் கொடுங்கள். பின்னால் போகும் ஒயர் ரப்பர் அல்லது சிலிக்கான் உறை போட்டதாக இருக்கட்டும். சாதாரண பி.வி.சி. ஒயர் ஓவனின் பின்தகட்டைத் தொட்டால் இளகிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பேச்சுக்கே இடமில்லை.

உங்கள் வீட்டில் மூன்று ஃபேஸ் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல ரேஞ்சுகளின் பின்னால் உள்ள கனெக்டர் ஒரு ஃபேஸுக்கும் இரண்டு மூன்று ஃபேஸுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டிருக்கும். முனைகளுக்கு இடையே சின்னச் செப்புத் தகடுகள் பாலம் போல இருக்கும். ஒரு ஃபேஸ் கொடுக்கும்போது அந்தத் தகடுகள் இருக்க வேண்டும். அவற்றைக் கழற்றாமல் இரண்டு ஃபேஸ் கொடுத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட். கனெக்டர் மூடியின் உள்பக்கம் படம் ஒட்டியிருப்பார்கள். எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும், பழக்கத்தில் அல்ல.

எர்த் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், உயிர் போகும் இடம் இதுதான். நம் பக்கம் பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதற்குள் கம்பி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. சில பழைய வீடுகளில் எர்த்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். இப்போது குழாயெல்லாம் பிளாஸ்டிக், அந்த எர்த் வெறும் பெயருக்குத்தான். ஓவனின் ஹீட்டர் பழுதாகி ஃபேஸ் கரண்ட் ரேஞ்சின் இரும்பு உடம்பில் ஏறினால், எர்த் இருந்தால் எம்.சி.பி.யோ, கரண்ட் கசிந்தால் விழும் ஆர்.சி.சி.பி. சுவிட்சோ அந்த நொடியே விழும். இல்லாவிட்டால் ரேஞ்ச் மௌனமாக 230 வோல்ட்டில் நிற்கும். ஒரு கையில் ரேஞ்சின் கைப்பிடி, மறு கையில் சிங்க் குழாய் என்று யாராவது தொடும்வரை தெரியாது. கேஸுக்கு உலோகப் பின்னல் ஹோஸோ செப்புக் குழாயோ போட்டிருந்தால் கரண்ட் அந்த வழியாக ஓடும். கேஸ் குழாய் சூடாவதையும் அதன் இணைப்பில் பொறி பறப்பதையும் நினைத்துப் பாருங்கள். இதனால்தான் கேஸ் குழாயை எர்த்தாகப் பயன்படுத்தவே கூடாது என்று விதியே இருக்கிறது.

எலக்ட்ரீஷியனிடம் பிளக் பாயிண்டில் எர்த்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பல்பு போட்டுப் பார்க்கும் பழைய முறையில், ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் அது உடனே விழும். அதுவே எர்த் வேலை செய்கிறது என்பதற்கு ஓர் அடையாளம். எர்த் டெஸ்டர் கொண்டுவந்து முறையாக அளந்தால் இன்னும் நல்லது. கோடையில் மண் காய்ந்தால் எர்த் குழியின் தடை ஏறும், அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். எம்.சி.பி. காப்பாற்றுவது கம்பியை, ஆர்.சி.சி.பி. காப்பாற்றுவது ஆளை. ஒரு விஷயம் சொல்லிவைக்கிறேன். புது ஓவனை முதல் முறை போட்டதும் ஆர்.சி.சி.பி. விழலாம். ஹீட்டர் குழாய்க்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மழைக்காலத்தில் கோடவுனில் கிடந்த ரேஞ்ச் என்றால் சின்னக் கசிவு வரத்தான் செய்யும். அப்போது ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராகக் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனி சர்வீஸ் ஆளை வரவழைத்து மெக்கர் (கரண்ட் கசிவைத் தடுக்கும் காப்பின் தடையை அளக்கும் கருவி) வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஈரம்தானா, உண்மையிலேயே பழுதா என்பது அதில் தெரிந்துவிடும்.

ஃபேஸும் நியூட்ரலும் மாறிப்போனால் ஓவன் சூடாகும், அதனால் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் தீ அணைந்தால் தானே பற்றவைக்கும் வசதி உள்ள பர்னர்களில், இணைப்பு தலைகீழாக இருந்தால் தீ எரிந்துகொண்டிருக்கும்போதே டிக் டிக் என்று பொறி அடித்துக்கொண்டே இருக்கும். அப்படிச் சத்தம் வந்தால் முதலில் பிளக்கைப் பாருங்கள்.

அடுத்து, பிளக் எங்கே இருக்க வேண்டும்? இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க வரைபடங்களில் ரேஞ்சுக்கு நேர் பின்னால், தரையை ஒட்டிப் பிளக்கையும் கேஸ் வால்வையும் அருகருகே காட்டியிருப்பார்கள். அங்கே பெரும்பாலான நகர வீடுகளுக்கு வருவது இயற்கை எரிவாயு. அது காற்றைவிட லேசு, கசிந்தால் மேலே போகும். நம் சிலிண்டர் கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். கசிந்தால் தரையில் படியும், மூலையில் தேங்கும், காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஆகவே அந்தப் படத்தை அப்படியே இங்கே பின்பற்றக் கூடாது. பிளக்கும் சுவிட்சும் ரேஞ்சின் பக்கவாட்டில், மேடை மட்டத்துக்கு மேலே, பர்னர் சூடு படாத தூரத்தில், கை எட்டும்படி இருக்கட்டும். பர்னருக்கு நேர் மேலே வேண்டாம், தீப்பிடித்தால் அணைக்கக் கை நீட்ட முடியாது. சிலிண்டர் நிற்கும் அலமாரிக்குள் எந்த பிளக்கும் இருக்கவே கூடாது. அந்த அலமாரியின் கதவில், தரையோடு ஒட்டிய இடத்தில், காற்று போகத் துளைகள் இருக்க வேண்டும்.

இப்போது கேஸ். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப் நல்ல பொருள்தான். ஐ.எஸ். 9573 தரம், உள்ளே கம்பிப் பின்னல் உண்டு, 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மேடைமேல் வைக்கும் அடுப்புக்கு, கண்ணுக்குத் தெரியும்படி போகும் ஒன்றரை மீட்டருக்கு, அதுவே சரி. உங்கள் ரேஞ்சில் அந்த டியூப் ஓவனின் முதுகைத் தடவிக்கொண்டு போகும். ஓவன் 200, 250 டிகிரியில் ஓடும்போது பின்தகடும், சூடான காற்று வெளிவரும் வாயும் ரப்பர் தாங்காத சூட்டுக்குப் போகலாம். ரப்பர் ஒரே நாளில் உருகாது, மெல்ல விறைத்து வெடிப்பு விடும். பின்னால் மறைந்திருப்பதால் யாருக்கும் தெரியாது. இதனால்தான் கேஸ்காரர் சொன்ன யோசனையை வேண்டாம் என்கிறேன்.

செய்ய வேண்டியது இது. சிலிண்டர் நிற்கும் இடத்திலிருந்து ரேஞ்சின் பக்கம் வரை செப்புக் குழாய், சுவரில் கிளாம்ப் போட்டு, வெளியே தெரியும்படி. சுவருக்குள் புதைக்க வேண்டிவந்தால் புதையும் பகுதியில் ஒரு இணைப்புகூட இருக்கக் கூடாது. குழாய் முடியும் இடத்தில் ஒரு பால் வால்வ். ரேஞ்சை நகர்த்தாமலேயே, எரியும் பர்னருக்கு மேல் கையை நீட்டாமலேயே மூட முடிகிற இடத்தில் அது இருக்க வேண்டும். அங்கிருந்து ரேஞ்சுக்குக் கேஸுக்கென்றே செய்த ஸ்டீல் ஹோஸ், முடிந்தவரை குட்டையாக. தண்ணீர் கீசருக்குப் போடும் பின்னல் ஹோஸ் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதைத் தொடவே கூடாது. ரேஞ்சின் கேஸ் நுழைவாயை இடப்பக்கமோ வலப்பக்கமோ வைத்துக்கொள்ளும்படி பல மாடல்களில் வசதி உண்டு. கரண்ட் கனெக்டர் எந்தப் பக்கமோ, அதற்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். சிலிண்டர் ரேஞ்சை ஒட்டிய அலமாரியில் வேண்டாம், ஓவனின் பக்கச் சுவரும் சூடாகும். இந்த வேலையைக் கேஸ் ஏஜென்சிக்குத் தெரிவித்து, அவர்கள் அனுமதிக்கும் ஆளைக் கொண்டே செய்யுங்கள்.

மரை இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று ரேஞ்சின் நுழைவாயை அசையாமல் பிடிக்க, மற்றது இறுக்க. ஒற்றை ஸ்பேனரால் முறுக்கினால் வெளியே இறுகும், உள்ளே பர்னர்களுக்குப் போகும் குழாய் முறுக்கிக்கொண்டு அங்கே கசியும். எந்த இணைப்புக்கு வாஷர், எந்த இணைப்புக்கு டேப் என்பதும் முக்கியம். வாஷர் போட்டு உட்காரும் இணைப்பில் டேப் சுற்றினால் வாஷர் சரியாக உட்காராது. நுனியை நோக்கி ஒடுங்கும் சாய்வு மரைக்குக் கேஸுக்கான தடித்த டேப் வேண்டும், தண்ணீர்க் குழாயின் மெல்லிய வெள்ளை டேப் அல்ல.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் ரேஞ்சுகளைப் பற்றியும் சிலர் கேட்பார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே அரை இஞ்ச் கேஸ் மரையும் இங்கே உள்ள அரை இஞ்ச் மரையும் ஒரு இஞ்சுக்கு 14 சுற்றுதான். அதனால் ஒன்றில் ஒன்று ஏறும், இறுகுவது போலவும் இருக்கும். ஆனால் மரையின் கோணம் அங்கே 60 டிகிரி, இங்கே 55. முழுதாகப் பொருந்தாது, கசியும். கரண்டிலும் அவர்களுக்கு 120, 240 என்று இரண்டு வோல்டேஜ், 60 ஹெர்ட்ஸ், நான்கு கம்பி. ஓவனின் ஹீட்டர் 240இல் ஓடும்; விளக்கும் பொறியும் 120இல் ஓடும், நம் கரண்டில் அவை கருகும். கொண்டுவரவே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

ஜெட் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே கொள்ளளவில் சிலிண்டர் கேஸில் இயற்கை எரிவாயுவைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வெப்பம் இருக்கிறது. ஆகவே அதற்கான ஜெட்டின் துளை சிறியது. இயற்கை எரிவாயு ஜெட்டோடு சிலிண்டரைப் பொருத்தினால் தீ நீண்டு மஞ்சளாக எரியும், பாத்திரம் கரி பிடிக்கும், மூடிய சமையலறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. நாளை உங்கள் தெருவுக்குக் குழாய் கேஸ் வந்தால் இதே சிக்கல் எதிர்த்திசையில் வரும், தீ சோர்ந்து எரியும். அதன் அழுத்தமும் 21 மில்லிபார் அளவுதான். அப்போது ஐந்து ஜெட்டையும் மாற்றி, சிம்மில் தீ நிற்கும் அளவையும் திருத்த வேண்டும். பெட்டியில் ஒரு சின்னப் பையில் கூடுதல் ஜெட்டுகள் வந்திருக்கும். குப்பையோடு போய்விடாமல் எடுத்து வையுங்கள்.

இணைத்து முடித்ததும் கரண்ட் எம்.சி.பி.யைக் கீழே இறக்கியே வைத்திருங்கள். பர்னர் திருகுகள் எல்லாம் மூடியிருக்க, ரெகுலேட்டரையும் வால்வையும் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி நிதானமாகப் பார்க்கவும். குமிழி வந்தால் மூடி, கழற்றி, மறுபடி செய்ய வேண்டும். மேலும் இறுக்கிச் சமாளிக்கக் கூடாது. தீக்குச்சி காட்டிப் பார்ப்பவரை அப்போதே நிறுத்துங்கள். மூக்கையும் நம்ப வேண்டாம், கொஞ்ச நேரத்தில் மூக்குக்கு அந்த வாசனை பழகிவிடும். கசிவு இல்லை என்று உறுதியான பிறகே எம்.சி.பி. மேலே ஏற வேண்டும். பின்னால் என்றைக்காவது துடைக்க ரேஞ்சை இழுத்தாலும் இதே சோதனை உண்டு. இழுக்கும் முன் கரண்டும் கேஸும் இரண்டுமே மூடியிருக்க வேண்டும்.

சுவரோடு கட்டும் சங்கிலியோ கிளிப்போ பெட்டியில் வந்திருக்கும், அதைப் பொருத்தாமல் விடாதீர்கள். ஓவன் கதவைத் திறந்து அதன்மேல் ஒரு குழந்தை ஏறி நின்றால் ரேஞ்ச் முன்பக்கம் சாயும். மேலே கொதிக்கும் குழம்பு, பின்னால் இழுபடும் கேஸ் ஹோஸ்.

பர்னர்களைப் பற்றவையுங்கள். நீலத் தீ, சத்தமில்லாமல் நிற்க வேண்டும். சிம்மில் வைத்துவிட்டு ஓவன் கதவைத் திறந்து மூடுங்கள், தீ அணையக் கூடாது. தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் அமைப்பு இருந்தால், பற்றவைத்தபின் திருகைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அது பழுதல்ல. பிறகு ஓவனைக் காலியாக, ஜன்னல்களைத் திறந்து வைத்து, அதிகச் சூட்டில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். எண்ணெய் வாடையும் லேசான புகையும் வரும். அந்த நேரத்தில் பிளக்கையும், பின்னால் எட்டும் இடங்களில் ஒயரையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள். ஓவனை இன்வெர்ட்டர் லைனில் எந்த நிலையிலும் போடக் கூடாது.

எப்போதாவது கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேனையும் சேர்த்துத்தான். ஓவன் ஓடிக்கொண்டிருந்தால் அதன் பிளக்கைப் பிடுங்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்தபின் 1906-க்குப் போன் செய்யுங்கள். இது கேஸ் கசிவுக்கான அவசர எண், நாள் முழுவதும் இயங்குகிறது. கரண்டை நிறுத்த வேண்டுமென்றால் வீட்டுக்கு வெளியே உள்ள மெயினில் நிறுத்தலாம். அதுவும் அங்கே வாடை இல்லை என்றால் மட்டும்.

தனி லைனும் செப்புக் குழாயும் போட ஒரு வாரம் ஆகலாம். அதுவரை "பர்னரை மட்டும் பயன்படுத்திக்கொள்கிறோம்" என்று பின்னால் ஆரஞ்சு டியூபை இழுத்துத் தற்காலிகமாக மாட்ட வேண்டாம். தற்காலிகமாக மாட்டியது அப்படியே ஆண்டுக்கணக்கில் கிடக்கும், ஓவனையும் ஒருநாள் யாராவது போட்டுவிடுவார்கள். பழைய இரண்டு பர்னர் அடுப்பு இருந்தால் மேடைமேல் வைத்து அதில் சமையுங்கள், ரேஞ்ச் ஓரமாக இருக்கட்டும்.